மிதித்தது எந்தப் பெடல்? சாலைப் போக்குவரத்து அமைச்சகத்துக்கு ஒரு திறந்த மடல்

மத்திய சாலைப் போக்குவரத்து, நெடுஞ்சாலைத் துறை அமைச்சர் அவர்களுக்கும், செயலர் அவர்களுக்கும், அமைச்சகத்தின் அதிகாரிகள் எல்லோருக்கும் வணக்கம்.

கோயம்புத்தூரில் சத்தி ரோட்டுப் பக்கம் சின்னதாக ஒரு கார் ஒர்க்ஷாப் வைத்திருக்கிறேன். நானும் இரண்டு பையன்களும் வேலை பார்க்கிறோம். தொழிலுக்கு வந்து 31 வருடம் ஆகிறது. அம்பாசடருக்கும் பத்மினிக்கும் கார்புரேட்டர் கழுவித் தொழில் கற்றுக்கொண்டவன் நான். இப்போதெல்லாம் வண்டி உள்ளே வந்ததும் பானெட்டைத் திறப்பதற்கு முன்னால் ஸ்டீயரிங்குக்குக் கீழே இருக்கும் 16 பின் சாக்கெட்டில் ஸ்கேனரைச் செருகிவிடுகிறேன். வண்டிக்கு என்ன நோவு என்று முதலில் வண்டியின் கம்ப்யூட்டரைத்தான் கேட்க வேண்டியிருக்கிறது.

இந்த மடலை எழுத வைத்தது ஒரு வாத்தியார். ஓய்வு பெற்ற கணக்கு வாத்தியார், வயது 68. மூன்று வருடம் ஓடிய ஆட்டோமேட்டிக் வண்டி. ஒரு நாள் காலையில் அடுக்குமாடியின் கீழ்த்தளப் பார்க்கிங்கிலிருந்து வண்டியை எடுக்கும்போது அது பாய்ந்து போய் எதிர்த் தூணில் மோதிவிட்டது. பக்கத்தில் உட்கார்ந்திருந்த அம்மாவுக்கு மணிக்கட்டு எலும்பு முறிந்தது. கம்பெனி சர்வீஸ் சென்டரில் ஒன்பது நாள் வண்டியை வைத்திருந்தார்கள். "எலக்ட்ரானிக்ஸில் எந்தக் கோளாறும் இல்லை சார், நீங்கள் பிரேக் என்று நினைத்து ஆக்சிலரேட்டரை மிதித்திருக்கிறீர்கள்" என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள்.

அப்புறம்தான் என்னிடம் வந்தார். "தம்பி, நான் பிரேக்கைத்தான் மிதிச்சேன். 40 வருஷமா வண்டி ஓட்டுறேன்" என்றார். ஸ்கேனரைப் போட்டேன். மெமரி துடைத்து வைத்த மாதிரி இருந்தது, பழுதைக் குறிக்கும் கோடு (code) ஒன்றுகூட இல்லை. இதில் சர்வீஸ் சென்டரைக் குறை சொல்ல முடியாது. வேலை முடிந்ததும் கோடுகளை அழித்துவிட்டு வண்டியைக் கொடுப்பதுதான் வழக்கம், நானும் அதைத்தான் செய்கிறேன். சரி என்று ஆக்சிலரேட்டர் பெடலுக்கு மீட்டரை வைத்துப் பார்த்தேன். அந்தப் பெடலுக்குள் இரண்டு சென்சார்கள் இருக்கின்றன. கால் வைக்காதபோது ஒன்று சுமார் 0.75 வோல்ட் காட்டும், இன்னொன்று அதில் பாதி. மெதுவாக மிதித்துக்கொண்டே போனால் இரண்டும் அதே விகிதத்தில் ஏற வேண்டும். எங்காவது ஒன்று தடுமாறினால் கம்ப்யூட்டர் சந்தேகப்பட்டு எஞ்சினை மெதுவாக மட்டும் ஓடவிடும் லிம்ப் மோடுக்குக் கொண்டுபோய்விடும். 40 தடவை மிதித்தேன். ஒயரை ஆட்டி ஆட்டி மிதித்தேன். ஹேர் டிரையரால் சூடுபடுத்தி மிதித்தேன். இரண்டும் ஒன்றாக ஏறி ஒன்றாக இறங்கின.

"இப்போ ஒண்ணும் இல்லீங்க சார்" என்றேன்.

"அன்னைக்கு?" என்று கேட்டார்.

அதற்கு என்னிடம் பதில் இல்லை. சர்வீஸ் சென்டரிடமும் பதில் இல்லை என்பது என் எண்ணம். ஆனால் அவர்கள் பதில் இருப்பதைப் போலச் சொல்லிவிட்டார்கள். அவர் அதற்குப் பிறகு வண்டி ஓட்டுவதை விட்டுவிட்டார். வீட்டிலேயே யாரும் அவரை நம்பவில்லை என்பதுதான் அவருக்குப் பெரிய வலி.

அவர் ஆக்சிலரேட்டரைத்தான் மிதித்திருக்கக்கூடும் என்பதை நான் மறுக்கவில்லை. இந்த மாதிரிப் பாய்ச்சல்களில் பெரும்பாலானவை கால் மாறி மிதிப்பதால் வருபவை என்று என் அனுபவமும் சொல்கிறது. என் குறை வேறு. அவர் மிதித்தாரா இல்லையா என்பதை இந்த நாட்டில் ஒரு சாதாரண வண்டிக்காரர் நிரூபிக்க வழியே இல்லை.

பழைய வண்டியில் இந்தச் சிக்கல் இல்லை. பெடலிலிருந்து கார்புரேட்டர் வரை ஒரு கேபிள் ஓடும். கேபிள் சிக்கினாலோ பிசிறு விட்டாலோ வண்டி அலறும், அறுந்தால் நின்றுவிடும். இரண்டில் எது நடந்தாலும் அந்தக் கேபிளைக் கழற்றி வண்டிக்காரர் கையில் கொடுத்து, "இதோ பாருங்க, இங்கதான் பிசிறு விட்டிருக்கு" என்று காட்டலாம். போலீஸ்காரரிடம் காட்டலாம், கோர்ட்டில் வைக்கலாம். இன்றைக்குப் பெடல் என்பது எஞ்சினுக்கு நாம் வைக்கும் ஒரு கோரிக்கை. எவ்வளவு காற்று உள்ளே போக வேண்டும் என்று முடிவு செய்வது கம்ப்யூட்டர். த்ராட்டில் வால்வைத் திறப்பது ஒரு சின்ன மோட்டார். நடுவில் இருக்கும் நிரல் (சாஃப்ட்வேர்) ஒரு நொடி தடம் புரண்டு, இக்னிஷனை அணைத்துப் போட்டதும் பழையபடி ஆகிவிட்டால், கையில் எடுத்துக் காட்ட எதுவும் மிஞ்சாது.

அமெரிக்காவில் இதே கேள்வியை விடாமல் துரத்தியிருக்கிறார்கள். அதில் நமக்குப் பாடம் இருப்பதால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

2009 ஆகஸ்டில் கலிபோர்னியாவில் சான் டியேகோ பக்கம் டொயோட்டாவின் ஒரு லெக்ஸஸ் கார் மணிக்கு 160 கிலோமீட்டருக்கு மேல் வேகமெடுத்து நிற்காமல் ஓடி, நான்கு பேர் இறந்தார்கள். ஓட்டியவர் நெடுஞ்சாலைக் காவல்துறையைச் சேர்ந்தவர். வண்டி ஓட்டத் தெரியாதவர் என்று அவரை யாரும் சொல்ல முடியாது. டீலர் தற்காலிகமாகக் கொடுத்த அந்த வண்டியில் வேறு மாடலுக்கான கால் மிதி விரிப்பைப் போட்டிருந்தார்கள். அது பெடலைப் பிடித்துக்கொண்டது. சாவி திருப்பும் வண்டியாக இருந்தால் அணைத்திருக்கலாம். அதில் இருந்தது பட்டன். ஓடும்போது எஞ்சினை நிறுத்த அந்தப் பட்டனை மூன்று நொடி அழுத்திப் பிடிக்க வேண்டும். பதறும் நேரத்தில் யாருக்கு அது தோன்றும்? சிக்கிய விரிப்பு ஒரு காரணம் என்றால், அந்த மூன்று நொடியை உள்ளே எழுதி வைத்த நிரல் இன்னொரு காரணம் என்பேன்.

அதற்குப் பிறகு டொயோட்டா லட்சக்கணக்கான வண்டிகளைத் திரும்ப அழைத்தது. விரிப்பும் ஒட்டிக்கொள்ளும் பெடலும்தான் காரணம், எலக்ட்ரானிக்ஸில் குறை இல்லை என்று சொன்னது. அமெரிக்கப் போக்குவரத்துத் துறை அதை அப்படியே ஏற்றுக்கொள்ளாமல் விண்வெளி ஆய்வு நிறுவனமான நாசாவைக் கூப்பிட்டது. நாசா பொறியாளர்கள் 2,80,000 வரிகளுக்கு மேல் இருந்த நிரலைப் பார்த்தார்கள். 2011 பிப்ரவரியில் அறிக்கை வந்தது. எலக்ட்ரானிக்ஸ்தான் காரணம் என்பதற்குச் சான்று கிடைக்கவில்லை என்றது அறிக்கை. கூடவே, சான்று கிடைக்கவில்லை என்பதால் அப்படி நடக்கவே முடியாது என்று ஆகிவிடாது என்றும் எழுதியிருந்தார்கள். பெடல் சென்சாருக்குள் வெள்ளீயப் பூச்சிலிருந்து மயிரிழை போல வளர்ந்த உலோக இழை ஷார்ட் ஆக்கியிருந்ததையும் கண்டு எழுதினார்கள். தெரிந்தது இவ்வளவு, தெரியாதது இவ்வளவு என்று பிரித்துச் சொன்ன அந்த நேர்மை எனக்குப் பிடித்திருக்கிறது. வாத்தியாருக்கு யாராவது அப்படிச் சொல்லியிருந்தால் போதும்.

அதோடு முடியவில்லை. 2007-இல் ஓக்லஹோமாவில், 70 வயதைத் தாண்டிய ஒரு பெண் ஓட்டிய 2005 மாடல் கேம்ரி கார் நெடுஞ்சாலையிலிருந்து இறங்கும் பாதையில் நிற்காமல் போய் மோதியது. கூட வந்த தோழி இறந்துபோனார். வண்டியை நிறுத்த ஹேண்ட் பிரேக்கையும் இழுத்திருக்கிறார், சக்கரம் தேய்ந்த தடம் சாலையில் நீளமாகக் கிடந்தது. அவரையும் பெடல் மாற்றி மிதித்தவர் என்றுதான் சொன்னார்கள். அந்த வழக்கில் மைக்கேல் பார் என்ற மென்பொருள் நிபுணர் டொயோட்டாவின் மூல நிரலைப் படிக்க அனுமதி கிடைத்தது. காவல் போட்ட அறை, இணைய இணைப்பு கிடையாது, உள்ளிருந்து ஒரு காகிதம் வெளியே போகக் கூடாது. அந்த அறையில் அவரும் குழுவும் ஒரு வருடத்துக்கும் மேலாக உட்கார்ந்து நாசாவுக்குக் கிடைத்ததைவிட ஆழமாகப் படித்தார்கள்.

2013-இல் அவர் கோர்ட்டில் சொன்னதை எங்கள் பாஷையில் சொல்கிறேன். அந்தக் கம்ப்யூட்டருக்குள் பல வேலைகள் சின்னச் சின்னப் பணிகளாக ஒரே நேரத்தில் ஓடுகின்றன. நினைவகத்தில் ஒரே ஒரு பிட், அதாவது ஒரு 0 அல்லது 1, புரண்டால்கூட அதில் ஒரு பணி செத்துப்போகலாம். அது செத்தால், த்ராட்டில் கடைசியாக இருந்த நிலையிலேயே திறந்து நிற்கலாம், பெடலிலிருந்து காலை எடுத்தாலும் மூடாது. பிரேக்கில் ஏற்கெனவே கால் இருக்கும்போது இது நடந்தால், காலை முழுக்க எடுத்துவிட்டு மறுபடி மிதித்தால்தான் காப்பு ஏற்பாடு விழித்துக்கொள்ளும். வண்டி பாய்ந்துகொண்டிருக்கும்போது பிரேக்கிலிருந்து காலை எடுக்கிற மனிதர் உண்டா? நினைவகப் பிழையைத் திருத்தும் காப்பு அந்தச் சில்லில் இருப்பதாக நாசா எண்ணியிருந்தது, உண்மையில் அது இல்லை என்பதையும் அந்த அறையில்தான் கண்டுபிடித்தார்கள். டொயோட்டா இதையெல்லாம் மறுத்தது. ஜூரிகள் இரண்டு தரப்பையும் கேட்டு, 2013 அக்டோபரில் 30 லட்சம் டாலர் இழப்பீடு கொடுக்கச் சொன்னார்கள். விபத்து நடந்து ஆறு வருடம் கழித்து, பெடல் மாற்றி மிதித்தவர் என்ற பெயர் அந்த அம்மாவை விட்டுப் போனது.

அடுத்த ஆண்டு மார்ச்சில், பெடல், விரிப்புப் பிரச்சினைகளைப் பற்றி வாடிக்கையாளர்களைத் தவறாக வழிநடத்தியதற்காக அமெரிக்க நீதித்துறையிடம் டொயோட்டா 120 கோடி டாலர் கட்டியது.

இதிலேயே கம்பெனிக்குச் சாதகமான பக்கமும் உண்டு, அதையும் சொல்லியாக வேண்டும். நாசாவைக் கூப்பிட்ட அந்த ஆய்வின்போது, விபத்துக்குள்ளான 58 டொயோட்டா வண்டிகளின் கருப்புப் பெட்டிகளைத் திறந்து படித்தார்கள். பாதிக்கு மேற்பட்ட வண்டிகளில் மோதலுக்கு முன்னால் பிரேக் மிதித்ததற்கான பதிவே இல்லை. அதாவது பெரும்பாலானவர்கள் நிஜமாகவே பெடல் மாற்றி மிதித்தவர்கள். பதிவு இருந்தால் தப்பு செய்யாத வண்டிக்காரரும் தப்பிப்பார், தப்பு செய்யாத கம்பெனியும் தப்பிக்கும். கார் கம்பெனிகள் இதை எதிர்க்க என்ன காரணம் இருக்க முடியும் என்று எனக்குப் புரியவில்லை. நேர்மையாகச் செய்தவர்களுக்கு இது கவசம்.

கருப்புப் பெட்டி என்று விமானம் மாதிரி பெரிதாக நினைக்க வேண்டாம். ஏர்பேக்கை இயக்கும் கம்ப்யூட்டருக்குள்ளேயே இருக்கும் ஒரு துண்டு மெமரி அது. மோதுவதற்கு முந்தைய சில நொடிகளின் வேகம், ஆக்சிலரேட்டர் எவ்வளவு மிதிபட்டது, பிரேக் மிதிபட்டதா, சீட் பெல்ட் போட்டிருந்ததா என்பதையெல்லாம் எழுதி வைத்துக்கொள்ளும். அமெரிக்காவில், அந்தப் பெட்டி இருக்கிற வண்டியென்றால் அதைப் படிக்கும் கருவி சந்தையில் விலைக்குக் கிடைக்கும்படி கம்பெனி ஏற்பாடு செய்ய வேண்டும் என்று விதியே போட்டிருக்கிறார்கள். அதில் இருக்கும் தகவல் வண்டிச் சொந்தக்காரருடையது என்று 2015-இல் சட்டமும் கொண்டுவந்தார்கள். ஐரோப்பாவில் 2024 ஜூலையிலிருந்து விற்கும் புதுக் கார் எல்லாவற்றிலும் அந்தப் பெட்டி கட்டாயம்.

இந்தப் பெட்டியை ஒரு சாதாரணப் போலீஸ்காரர் படித்தால் என்ன நடக்கும் என்பதற்கு ஒரு உதாரணம் இருக்கிறது. 2006 அக்டோபரில் விஸ்கான்சின் மாநிலத்தில் ஒரு செவ்ரோலே கோபால்ட் கார் மோதி இரண்டு இளம்பெண்கள் இறந்தார்கள். ஏர்பேக் திறக்கவில்லை. மாநிலக் காவல்துறைக்காரர் ஒருவர் பெட்டியைப் படித்துப் பார்த்தார். மோதும்போது இக்னிஷன் சாவி ஓடும் நிலையில் இல்லாமல் ஒரு படி இறங்கி, அக்சசரி நிலையில் இருந்ததாகப் பதிவு சொன்னது. சாவி அப்படி நழுவினால் எஞ்சின் அணையும், ஏர்பேக்குக்கும் உயிர் இருக்காது. இரண்டையும் முடிச்சுப் போட்டு 2007 பிப்ரவரியிலேயே அறிக்கை எழுதிவிட்டார் அந்த மனிதர். ஜெனரல் மோட்டார்ஸ் அந்த வண்டிகளைத் திரும்ப அழைத்தது 2014-இல். கடைசியில் அந்தக் கம்பெனியின் இழப்பீட்டு நிதி 124 பேரின் சாவுக்கு இந்தச் சாவிச் சுவிட்ச் காரணம் என்று ஏற்றுக்கொண்டது. அந்த விபத்துக்கு முன்பே, 2006-இலேயே, சுவிட்சின் வடிவத்தைச் சத்தமில்லாமல் மாற்றியிருக்கிறார்கள், ஆனால் பார்ட் நம்பரை மாற்றவில்லை. பழைய சுவிட்சும் புதுச் சுவிட்சும் ஒரே நம்பரில் இருந்தால் ஒரு மெக்கானிக் எதை நம்பிப் பிரித்துப் பார்ப்பான்? இதைப் படித்த அன்றைக்கு எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

இப்போது நம் ஊருக்கு வருகிறேன்.

விபத்து நடந்தால் மோட்டார் வாகன ஆய்வாளர் வந்து வண்டியைப் பார்ப்பார். ஸ்டேஷன் வளாகத்தில் நசுங்கிக் கிடக்கும் வண்டியில் பிரேக்கை மிதித்துப் பார்ப்பார், ஸ்டீயரிங்கைத் திருப்பிப் பார்ப்பார், டயரைப் பார்ப்பார். அப்புறம் அறிக்கையில் அந்த வழக்கமான வரி வரும்: விபத்து வாகனத்தின் இயந்திரக் கோளாறால் ஏற்பட்டதல்ல. என் கண் முன்னால் எத்தனையோ முறை எழுதப்பட்ட வரி இது. ஆய்வாளர்கள்மேல் எனக்குக் கோபம் இல்லை, ஒரு நாளில் அவர்களுக்கு இருக்கும் வேலை எனக்குத் தெரியும். ஆனால் ஸ்கேனரோடு வந்த ஆய்வாளரை நான் ஒருமுறைகூடப் பார்த்ததில்லை. அம்பாசடர் காலத்துக்கு எழுதிய அந்த வரி, எஞ்சின், பிரேக், ஸ்டீயரிங், ஏர்பேக் என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு கம்ப்யூட்டர் வைத்திருக்கும் வண்டிக்கும் அப்படியே போடப்படுகிறது.

2022-இல் இந்தியச் சாலைகளில் 1,68,491 பேர் இறந்ததாக உங்கள் அமைச்சகத்தின் அறிக்கை சொல்கிறது. விபத்துகளில் 70 சதவீதத்துக்கு மேல் அதிவேகத்தால் நடந்தவை என்றும் அதில் இருக்கிறது. வேகம் கொல்கிறது என்பதில் எனக்குச் சந்தேகம் இல்லை, தினமும் பார்க்கிறேன். ஆனால் அந்த வேகம் ஓட்டுநரின் காலிலிருந்து வந்ததா, வண்டிக்குள்ளிருந்து வந்ததா என்று பிரித்துப் பார்க்கும் ஏற்பாடு இல்லாமல் எழுதிய கணக்கு அது. ஆயிரத்தில் ஒன்றுதான் வண்டியின் தப்பு என்று வைத்துக்கொண்டாலும், அந்த ஒன்று எது என்று தெரியாமல் போனால் அதே வண்டி ஊரெல்லாம் ஓடிக்கொண்டிருக்கும்.

நீங்கள் செய்த நல்லதை மறந்துவிட்டு எழுதவில்லை. 2019 ஏப்ரலில் எல்லாக் கார்களுக்கும், பிரேக் பிடிக்கும்போது சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் காக்கும் ஏபிஎஸ் கட்டாயமானது. அதனால் பிழைத்த வண்டிகள் என் கடைக்கே வந்திருக்கின்றன. 2020 ஏப்ரலில் புகையைக் கட்டுப்படுத்தும் பிஎஸ்-6 விதி வந்தது. 2023 அக்டோபரில் பாரத் என்கேப் வந்தது, வண்டியை மோதவிட்டுப் பார்த்து நட்சத்திரம் கொடுக்கிறோம். மோதிய பிறகு உள்ளே இருப்பவர்கள் பிழைப்பார்களா என்பதற்கு இப்போது பதில் இருக்கிறது. மோதுவதற்கு முந்தைய ஐந்து நொடியில் என்ன நடந்தது என்பதற்கும் ஒரு பதில் வேண்டும் என்றுதான் கேட்கிறேன்.

மோட்டார் வாகனச் சட்டத்தின் 2019 திருத்தத்தில் வந்த 110ஏ பிரிவையும் தேடிப் படித்தேன். பழுதான வண்டிகளைத் திரும்ப அழைக்கும்படி கம்பெனிக்கு உத்தரவு போடும் அதிகாரத்தை அது உங்களுக்குத் தருகிறது. நல்ல சட்டம். ஆனால் புகார்களின் எண்ணிக்கை ஒரு அளவைத் தாண்ட வேண்டும் என்கிற ஏற்பாடு, அச்சு முறிவதற்கும் பிரேக் டிஸ்க் வெடிப்பதற்கும் பொருந்துகிற மாதிரி நிரல் கோளாறுக்குப் பொருந்தாது. அச்சு முறிந்தவர் புகார் கொடுப்பார், முறிந்த அச்சு அவர் கையில் இருக்கிறது. "நீங்கதான் தப்பா மிதிச்சீங்க" என்று கேட்டுவிட்டு வெட்கத்தோடு வீட்டுக்குப் போனவர் எங்கே புகார் கொடுக்கப் போகிறார்? வாத்தியார் கொடுக்கவில்லை. கொடுக்கலாம் என்று நான் சொன்னபோது, "எதை வெச்சுத் தம்பி கொடுக்கறது?" என்றார்.

ஆகவே முதலில் அந்தப் பெட்டி எல்லாக் கார்களிலும் இருக்க வேண்டும். பிரேக் மிதிபட்டதா என்கிற தகவல், எஞ்சின் கம்ப்யூட்டர் சொல்லித் தெரிந்துகொள்வதாக இல்லாமல், பிரேக் சுவிட்சிலிருந்து நேரடி ஒயரில் பெட்டிக்கு வர வேண்டும். சந்தேகப்படுகிறவனையே சாட்சியாக வைக்கக் கூடாது, ஓக்லஹோமா வழக்கில் இதுவும் ஒரு விவாதமாகவே இருந்தது. படிக்கும் கருவி நியாயமான விலையில் கிடைக்க வேண்டும். தகவல் வண்டிச் சொந்தக்காரருடையது, அவர் கேட்டால் ஒரு பிரதி கொடுத்தாக வேண்டும் என்று சட்டத்தில் எழுத வேண்டும். விபத்துக்குள்ளான வண்டியில் அதைப் பிரதி எடுப்பதற்கு முன்னால் எந்தச் சர்வீஸ் சென்டரும், என்னைப் போன்ற ஒர்க்ஷாப்காரனும்கூட, கோடுகளை அழிக்கக் கூடாது. இந்தக் கடைசி விஷயத்துக்குப் பெரிய செலவே இல்லை. ஒரு சுற்றறிக்கை போதும், நாளைக்கே செய்யலாம்.

விபத்து விவரங்களைச் செல்போனிலேயே பதிய உங்களிடம் இ-டார் என்ற தரவுத்தளம் இருக்கிறது. சென்னை ஐஐடி உருவாக்கிக் கொடுத்தது. போலீஸ், போக்குவரத்துத் துறை, நெடுஞ்சாலைத் துறை, மருத்துவமனை எல்லோரும் அதில் எழுதுகிறார்கள். ஆய்வாளர் நிரப்பும் பக்கத்தில் ஸ்கேனர் கோடுகளும் பெட்டியின் பதிவும் கட்டாயம் ஏற்றப்பட வேண்டும் என்று ஆக்கிவிட்டால், ஒரே மாடல் வண்டியில் ஒரே மாதிரிக் கோடு கன்னியாகுமரியிலும் காஷ்மீரிலும் வருவது உங்கள் மேசையிலேயே தெரிந்துவிடும். ஆய்வாளருக்கு ஒரு ஸ்கேனரும் இரண்டு நாள் பயிற்சியும் கொடுங்கள். என் கடைப் பையன் பத்தாவது படித்தவன், ஒரு வாரத்தில் கற்றுக்கொண்டான்.

அடுத்தது நிரல் மாற்றம். சர்வீஸுக்கு விட்ட வண்டியைத் திரும்ப எடுக்கும்போது, "ஈசியூ அப்டேட் பண்ணியாச்சு சார்" என்பார் அட்வைசர். ஈசியூ என்பது வண்டியின் கம்ப்யூட்டர். ஜாப் கார்டில் ஒரே வரி. எந்தப் பதிப்பிலிருந்து எந்தப் பதிப்புக்கு, எதற்காக, எதைத் திருத்தினார்கள் என்று எதுவும் இருக்காது. இப்போது வண்டி வீட்டு வாசலில் நிற்கும்போதே காற்றுவழியாக அப்டேட் வந்துவிடுகிறது. பார்ட் நம்பரை மாற்றாமல் சுவிட்சை மாற்றிய கதைதான் இது, இங்கே கழற்றிப் பார்க்கக்கூட ஒன்றுமில்லை. ஐக்கிய நாடுகள் அமைப்பின் விதிகளில் 155-ஆவது வண்டியின் இணையப் பாதுகாப்புக்கும் 156-ஆவது நிரல் புதுப்பிப்புக்கும் வழி சொல்கின்றன. அதே வழியில் நம்மிடமும் ஏஐஎஸ்-189, ஏஐஎஸ்-190 என்று வாகனத் தொழில் தரங்கள் எழுதப்பட்டிருக்கின்றன. அவற்றை எல்லாக் கார்களுக்கும் தள்ளிப்போடாமல் கட்டாயமாக்குங்கள். கூடவே, ஒவ்வொரு நிரல் மாற்றமும் தேதியோடு, வண்டிப் பதிவுகள் இருக்கும் வாகன் இணையத் தளத்தில் அந்த வண்டியின் பதிவெண்ணுக்குக் கீழே ஏற வேண்டும். ஆர்சி புத்தகத்தில் எஞ்சின் நம்பர் இருக்கிற மாதிரி, ஓடிக்கொண்டிருக்கும் நிரலின் நம்பரும் வண்டிக்காரருக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

இணையப் பாதுகாப்பு எதற்கு என்று கேட்பவர்களுக்கு 2015 ஜூலையில் அமெரிக்காவில் நடந்ததைச் சொன்னால் போதும். இரண்டு ஆராய்ச்சியாளர்கள் வீட்டில் உட்கார்ந்தபடி, நெடுஞ்சாலையில் ஓடிக்கொண்டிருந்த ஒரு ஜீப் செரோக்கியின் எஞ்சின் விசையைச் செல்போன் இணைப்பு வழியாகவே துண்டித்துக் காட்டினார்கள். பாட்டு கேட்கும் பெட்டி வழியாக உள்ளே போயிருந்தார்கள். 14 லட்சம் வண்டிகளைத் திரும்ப அழைக்க வேண்டி வந்தது. வண்டிக்குள் கம்ப்யூட்டர்கள் பேசிக்கொள்ளும் கேன் இணைப்பு 1986-இல் வெளிவந்த ஏற்பாடு. செய்தியை அனுப்பியது யார் என்று அது கேட்பதில்லை. வண்டி இணையத்தோடு சேரும் என்று அன்றைக்கு யாரும் நினைத்திருக்க முடியாது.

கடைசியாக, அந்தக் காவல் போட்ட அறை. சாவு நடந்து, காரணம் தெளிவாகாமல், வண்டியின் நிரல்மேல் நியாயமான சந்தேகம் இருந்தால், கம்பெனியைச் சாராத ஒரு குழு மூல நிரலைத் திறந்து படிக்கும் அதிகாரம் இங்கேயும் வேண்டும். வியாபார ரகசியம் என்பார்கள். ஓக்லஹோமாவில் ரகசியத்தையும் காத்தார்கள், நிரலையும் படித்தார்கள், அறைக்குப் பூட்டு போட்டால் இரண்டும் முடிகிறது. நம்மிடம் ஆள் இல்லை என்றும் சொல்வார்கள். சென்னையிலும் பெங்களூரிலும் கோவையிலும் வெளிநாட்டுக் கார்களுக்கு நிரல் எழுதும் பிள்ளைகள் எத்தனை பேர்! என் அக்கா மகளே அந்த வேலையில்தான் இருக்கிறாள். சென்னைக்குப் பக்கத்தில் ஒரகடத்தில் வாகன ஆராய்ச்சி மையத்தையே கட்டி வைத்திருக்கிறீர்கள்.

முடியாது என்பதற்கில்லை என்பதற்கு உங்களிடமே சான்று இருக்கிறது. 2015-இல் ஃபோக்ஸ்வாகன் டீசல் வண்டிகள் சோதனைக் கூடத்தில் இருப்பதை நிரலே உணர்ந்து, அங்கே மட்டும் ஒழுங்காகப் புகை விடும் மோசடி அமெரிக்காவில் வெளிவந்தது. உலகம் முழுக்க சுமார் 1.1 கோடி வண்டிகள். அப்போது புனேயில் இருக்கும் வாகன ஆராய்ச்சி அமைப்பான ஏஆர்ஏஐ அந்த வண்டிகளைக் கூடத்திலிருந்து வெளியே எடுத்துச் சாலையில் ஓட்டி அளந்து பார்த்தது. வித்தியாசம் தெரிந்தது. அந்த டிசம்பரில் இந்தியாவில் சுமார் 3.23 லட்சம் வண்டிகளைக் கம்பெனி திரும்ப அழைத்தது. புகைக்குச் செய்ததைப் பெடலுக்கும் பிரேக்குக்கும் செய்யுங்கள்.

வாத்தியாரின் வண்டியை அவருடைய மகன் போன மாதம் விற்றுவிட்டான். அது இப்போது வேறு யாரிடமோ ஓடிக்கொண்டிருக்கிறது. விற்பதற்கு முன்னால் அதிலிருந்து நான் எடுத்த அளவுகள் எல்லாம் என் நோட்டில் தேதி போட்டு இருக்கின்றன: இரண்டு சென்சாரின் வோல்ட்டும் பத்துப் பத்து சதவீதத்துக்கு ஒன்றாக, குளிர்ந்த எஞ்சினில் ஒருமுறை, சூடான எஞ்சினில் ஒருமுறை. ஈசியூவில் இருந்த நிரலின் பதிப்பு எண்ணையும் எழுதி வைத்திருக்கிறேன். அந்த நான்கு பக்கங்களை எந்த அலுவலகத்துக்கு அனுப்ப வேண்டும் என்று ஒரு முகவரி சொன்னால், அன்றைக்கே பதிவுத் தபாலில் அனுப்பிவிடுவேன்.

இப்படிக்கு,
கோவையிலிருந்து ஒரு கார் மெக்கானிக்